ஆறு மஞ்சள் வண்டிகள்

பிப்ரவரி 18, திங்கள்

காலை நடை. பால், தயிர் வாங்கினேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

பத்து மணிக்குப் பூங்கோதை வந்தாள். என் தங்கை மகள். கணவர் இறந்தபின் பஸ் கூண்டு கட்டும் பட்டறையைத் தனியாக நடத்திவருகிறாள். இன்ஜினும் சக்கரமும் மட்டும் உள்ள சேஸிஸ் கம்பெனியிலிருந்து வரும். அதன்மேல் இரும்புக் கூண்டு கட்டி, தகடு அடித்து, பெயிண்ட் பூசி, சீட்டும் கண்ணாடியும் மாட்டிப் பஸ்ஸாக்கித் தருவது பட்டறையின் வேலை. கரூரில் இது பெரிய தொழில். பூங்கோதையுடையது சின்னப் பட்டறை.

"மாமா, ஆறு ஸ்கூல் பஸ் ஆர்டர் வந்திருக்குது. மே முடியறதுக்குள்ள குடுக்கோணும். போன வருசம் நாலு வண்டிய லேட்டாக் குடுத்துப் பேரு கெட்டுப்போச்சு. இந்தத் தடவையும் லேட்டுன்னா பள்ளிக்கூடத்துக்காரரு வேற பட்டறைக்குப் போயிருவாரு. அவரப் பாத்து மத்தவங்களும் போயிருவாங்க."

"போனா?"

"போனா, பக்கத்துல பெருசா பஸ் கட்டற கோச்காரரு நம்ம எடத்தக் கேட்டுட்டே இருக்காருல்ல. அவருக்குக் குடுத்துட்டு ஊட்ல உக்காந்து டிவி பாப்பேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டாலும் இப்படித்தான் சிரிப்பாள்.

வேலை முறையை எப்படி மாற்றலாம் என்று நான் ஒரு திட்டம் எழுதித் தர வேண்டுமாம். "நீங்கதான அரசாங்கத்துக்கே திட்டம் எழுதினவரு" என்கிறாள். புள்ளியியல் துறையில் நான் எழுதியது உண்மைதான். வாசித்ததும் கையெழுத்துப் போட்டதும் வேறு ஆட்கள். எந்த அறிக்கையிலும் என் பெயர் இருக்காது. அது வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவிர, பஸ்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்தது டிக்கெட் வாங்குவது மட்டும்.

முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்ல ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20, புதன்

பட்டறைக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கிரைண்டர் சத்தம் பல் வரை ஏறுகிறது. தீப்பொறி என் சட்டைமேல் விழுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விழவில்லை.

மூன்று மேஸ்திரிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு செட்டு ஆட்கள். ஒரு செட்டு ஒரு வண்டியை எடுத்தால் முதல் வெல்டிங்கிலிருந்து கடைசித் திருகு வரை அவர்களே செய்கிறார்கள். மூத்தவர் மருதமுத்து, பெரிய உருவம். வணக்கம் சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை. செங்கோடன் கேட்டார், ஆனால் பேசவில்லை. மூன்றாமவர் காதர் பாய் மூவருக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்.

"யாருங்க்கா இது? ஆடிட்டரா?"

"எங்க மாமா, பாய். சென்னியப்பன். பெரிய படிப்பு."

"ஆடிட்டருன்னாத் தேவலையே. வருசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு. மாமான்னா தெனம் வருவாரே."

நாளை போக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 21, வியாழன்

போனேன். வீட்டில் மின்சாரம் இல்லை.

பிப்ரவரி 27, புதன்

ஒரு வாரமாகக் கவனித்து, பட்டறையின் பழைய நோட்டையும் புரட்டியதில் ஒன்று புலப்படுகிறது. சேஸிஸ்கள் வளர்பிறை முகூர்த்த நாளில் ஒன்றாக வருகின்றன. மூன்று செட்டும் ஒரே நாளில் பூஜை போட்டுத் தொடங்குகின்றன. ஆகவே மூன்று வண்டியும் ஏறக்குறைய ஒரே நாளில் பெயிண்ட் ஷெட்டுக்கு வருகின்றன. ஷெட்டு ஒன்றுதான். ஒரு வண்டி உள்ளே இருக்க, இரண்டு வெயிலில் நிற்கின்றன. அதற்குமுன் பல நாட்கள் ஷெட்டு காலியாகக் கிடந்தது. பெயிண்டர் அங்கே படுத்துத் தூங்குவார்.

யாரும் சோம்பேறி இல்லை. எல்லோரும் கடுமையாக உழைத்து ஒரே வாசலில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

படம் வரைந்து பார்த்தேன். சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இவ்வளவு எளிதாக இருந்தால் வேறு யாருக்காவது தோன்றியிருக்காதா என்ற சந்தேகம்.

மதியச் சாப்பாட்டைப் பூங்கோதை கேரியரில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறாள். வேண்டாம் என்றேன். கீரை நன்றாக இருந்தது.

மார்ச் 4, திங்கள்

மருதமுத்து கட்டிய ரூட் பஸ் ஒன்று இன்று வெளியே போனது. முசிறிக்காரர் வாங்கும் வண்டி. காலையிலிருந்து ஒருவரும் வேலை பார்க்கவில்லை. மருதமுத்து தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வந்தார். அவர் மனைவியும் இரண்டு மகள்களும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். முசிறிக்காரர் தட்டில் வேட்டி துண்டு வைத்து மேஸ்திரிக்குக் கொடுத்தார். மேஸ்திரி பூசணிக்காய் உடைத்தார். பிறகு அவர் குடும்பம்தான் முதலில் ஏற வேண்டுமாம். அமராவதிப் பாலம் வரை ஒரு சுற்று போய் வந்தார்கள். அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இதில் அரை நாள் போய்விடுகிறது. குறித்துக்கொண்டேன்.

நல்ல எட்டு முழ வேட்டி. எனக்கு வேட்டி இடுப்பில் நிற்காது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பேண்ட்தான். கல்யாணத்தன்று கட்டினேன். தாலி கட்டும்போதுகூடக் கமலத்தின் கவலையெல்லாம் என் வேட்டிமேல்தான் இருந்தது என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 14, வியாழன்

திட்டம் முடிந்தது. தட்டச்சும் ஆயிற்று.

சுருக்கம்: இனி ஒவ்வொரு செட்டும் ஒரு வேலையை மட்டும் செய்யும். மருதமுத்து செட்டு கூண்டு. செங்கோடன் செட்டு தகடு. காதர் செட்டு சீட்டும் கண்ணாடியும். வண்டி ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகரும். பெயிண்ட் ஷெட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒப்படைப்புச் சடங்கைச் சுருக்கினால் வண்டிக்கு அரை நாள் மிச்சம். மொத்தத்தில் மே மூன்றாம் வாரத்தில் ஆறும் முடியும். நான்காம் வாரத்தை நம்ப முடியாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நட்ட கம்பம் ஆற்றுக்குப் போகும் சமயத்தில் கரூரில் எவரும் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள்.

நாளை பூங்கோதை வாசிப்பாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தால் போதும். நிம்மதி.

மார்ச் 15, வெள்ளி

வாசித்தாள். படத்தைக் காட்டியதும் பெயிண்டர் தலையாட்டினார். 

காதர் பாய் கையைத் தூக்கினார். "ஏனுங்க்கா, அப்ப வண்டிய யாரு கட்டுனதுன்னு சொல்றது?"

"எல்லாருஞ் சேந்து கட்டுனதுதான், பாய்."

"எம் பொண்ணு ரோட்ல போற பஸ்ஸப் பாத்து, 'அத்தா, நீ கட்டுனதா?'ன்னு கேப்பா. 'கூண்டும் தகடும் வேற ஆளும்மா, அத்தா சீட்டு மட்டும்'னு சொல்லட்டுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு சடங்கு பற்றிய வரி வந்தது. சிரிப்பு நின்றது. மருதமுத்து கையுறைகளைக் கழற்றினார். மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக வைத்தார். வெளியே போனார்.

மார்ச் 16, சனி

மருதமுத்து வேலைக்கு வரவில்லை. மற்றவர்கள் வந்து பழையபடியே வேலை செய்தார்கள், செட்டுக்கு ஒரு சேஸிஸ்.  கேரியரில் கீரை இருந்தது. சாப்பிட முடியவில்லை.

பக்கத்துக் கோச்காரர் தன் கேட்டில் நின்று எங்கள் ஷெட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுப்பதுபோல் எனக்குப் பட்டது.

மார்ச் 17, ஞாயிறு

குழாய்க்கு வாஷர் போட்டேன். சட்டைகளை இஸ்திரி போட்டேன். திட்டத்தை முதலிலிருந்து சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசித்த பிரதியைப் பூங்கோதை என்னிடமே கொடுத்திருந்தாள். முதல் பக்கத்தில் நான் வழக்கம்போலப் பெயர் போடவில்லை. அவள் பேனாவால் எழுதியிருக்கிறாள்: தயாரித்தது, எங்கள் மாமா சென்னியப்பன், எம்.எஸ்ஸி. அந்த வரியைச் சில தடவை படித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. இஸ்திரிப் பெட்டி சட்டையில் ஒரு முக்கோணம் போட்டுவிட்டது.

மாலையில் அந்தச் சட்டையை மடிக்கும்போதுதான் மருதமுத்துவின் மனைவி ஜன்னல் கம்பியைத் தடவியது நினைவுக்கு வந்தது.

அரை நாள் மிச்சம் என்று எழுதிய வரியை அடித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

புதிய விதி ஒன்று எழுதினேன். ஆட்கள் அவரவர் இடத்தில் நிற்கட்டும். மேஸ்திரி வண்டியோடு போகட்டும். முதல் வெல்டிங்கிலிருந்து பூசணிக்காய் வரை ஒரு வண்டிக்கு ஒரே மேஸ்திரி. எந்தச் செட்டு வேலை பார்த்தாலும் அந்த வண்டிக்கு அவர் சொல்வதுதான். வண்டி அவருடையது. சடங்கு முழுதாக நடக்கும்.

ஒருவர் செட்டு இன்னொருவர் பேச்சைக் கேட்குமா? தெரியவில்லை.

மார்ச் 18, திங்கள்

விதியைக் காட்டினேன். பூங்கோதை படித்துவிட்டு, "மருதண்ணன் ஊட்டுக்கு நீங்க போங்க மாமா" என்றாள்.

"நானா? மொதலாளி நீ போனாத்தான மரியாத?"

"நான் போனா மொதலாளி வந்து கூப்புட்டதா ஆயிரும். வருவாரு. மனசு வராது."

டவுன் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு நாய் பின்னால் வந்தது. அதனால் சற்று வேகமாகவே போய்ச் சேர்ந்தேன்.

மருதமுத்து தன் வீட்டுக் கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். அவ்வளவுதான். ஒத்திகை பார்த்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

"அந்த அரை நாளை எடுத்துட்டேனுங்க."

"எந்த அர நாளு?"

"பூசணிக்காய் அரை நாள். அதத் திட்டத்துல சேத்தது என் தப்பு."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அத மொதல்ல சொல்லப்படாதுங்களா? இந்த மனுசன் மூணு நாளா சோறு திங்காம ஊட்ல இருக்கற கீலையெல்லாம் கழட்டி மாட்டிட்டுக் கெடக்குது."

புதிய விதியைச் சொன்னேன். மருதமுத்து கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஆறு வண்டில எனக்கு எது?"

"ஒண்ணும் ஆறும்."

"ஆறு எதுக்கு?"

"கடைசி வண்டிதான் எப்பவும் லேட்டாகுது. லேட்டாகக் கூடாத வண்டிய வேற யாருகிட்டக் குடுக்கறது?"

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"படிச்சவரு கொஞ்சமாத்தான் பேசறீங்க" என்றார். "நாளைக்கு வாரன்."

மார்ச் 19, செவ்வாய்

மருதமுத்து வந்தார். பூங்கோதை காகிதத்தை என் கையில் கொடுத்து, "எழுதுனவரே வாசிக்கட்டும்" என்றாள். நான் மறுத்தேன். என் குரல் கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காததுபோல் இருந்தாளோ என்னவோ.

"டேய், நிறுத்துங்கடா. சாரு பேசறாரு" என்றார் மருதமுத்து. பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அது கிரைண்டரைவிட மோசம்.

காகிதத்தை மேஜைமேல் வைத்து வாசித்தேன். ஒரு வண்டிக்கு ஒரு மேஸ்திரி என்ற இடத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

காதர் பாய் எழுந்தார். "வாத்தியாரே, எஞ் செட்டுப் பசங்க செங்கோடன் பேச்சக் கேப்பாங்களா?"

"இப்ப உங்க பேச்சக் கேக்கறாங்களா பாய்?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அதிகம் சிரித்தது அவர் செட்டுதான். நான் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டேன். ஆனால் அதன்பிறகு எல்லோரும் சரி என்றார்கள். முதல் இரண்டு வண்டிகளில் செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் பழையபடி போய்விடுவது என்று முடிவு.

ஏப்ரல் 2, செவ்வாய்

முதல் வண்டி கூண்டு இடத்திலிருந்து தகடு இடத்துக்கு நகர்ந்தது. நகர்ந்த தூரம் சொற்பம். ஆனாலும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மருதமுத்து, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற அப்பாவைப்போல் வண்டியின் பக்கத்திலேயே நடந்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சண்டை. முதல் வண்டியில் கண்ணாடி பொருந்தவில்லை. மருதமுத்து வைக்கும் ஜன்னல் காதர் வைப்பதைவிட ஒரு விரல் அகலம். ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு கை அளவு இருந்திருக்கிறது. அவரவர் வண்டியை அவரவரே முடித்தவரை யாருக்கும் தெரியவில்லை.

"உங் கண்ணாடி தப்பு."

"உங் கூண்டு தப்பு. கூண்டுக்குக் கண்ணாடியா, கண்ணாடிக்குக் கூண்டா?"

பக்கத்துக் கேட்டில் கோச்காரர் தெரிந்தார்.

நான் இதை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். இரு தடவை எழுந்து இரு தடவை உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை, ஒருத்தர் அளவும் வேண்டாம், மூன்று பேரும் சேர்ந்து புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்றேன்.  செங்கோடன் ஒரு கம்பியை எடுத்துவந்து, மற்ற இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பட்டறைக்கு வரத் தொடங்கியதிலிருந்து அவர் பேசி நான் கேட்டதில்லை. இன்றும் பேசவில்லை. கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மருதமுத்து அதில் ஒரு கோடு போட்டார். காதர் பாய் இன்னொன்று போட்டார்.

அந்த அளவில் வெட்டிச் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் பட்டறை நடுவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இனி எல்லா ஜன்னலுக்கும் அதுதான் அளவு. காதர் பாய் அதற்கு வாத்தியார் கம்பி என்று பெயர் வைத்துவிட்டார். ஒல்லியாக, நிமிர்ந்து, எல்லார் வேலையிலும் மூக்கை நுழைக்குமாம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ்ப் புத்தாண்டு. பூங்கோதை பாயசம் கொண்டுவந்தாள். பட்டறை விடுமுறை. பகல் மிக நீளமாக இருந்தது.

ஏப்ரல் 24, புதன்

முதல் இரண்டு வண்டியும் முடிந்துவிட்டன. பழையபடி போகலாமா என்று பூங்கோதை கேட்டாள். கேள்வி யாருக்கும் புரியவில்லை. "எதுக்குங்க?" என்றார் பெயிண்டர். பகலில் தூங்க முடிவதில்லை என்பது மட்டும்தான் அவர் புகார்.

தேநீர் சொல்லாமலே வருகிறது, சர்க்கரை இல்லாமல். நாற்காலியைக் கேட்டிலிருந்து நடுவில் கம்பிக்குக் கீழே மாற்றிவிட்டார்கள். தலைக்கு ஹெல்மெட் கொடுத்திருக்கிறார்கள். கம்பி விழும் என்ற பயத்தில் அணிந்துகொள்கிறேன்.

மே 15, புதன்

நான்கு வண்டிகள் மஞ்சளாக வரிசையில் நிற்கின்றன. ஐந்தாவது முடியப்போகிறது. ஆறாவதுதான் தொல்லை. சேஸிஸ் மிகவும் தாமதமாக வந்தது. கோயிலில் கம்பம் நட்டாயிற்று. இன்னும் பத்து நாளில் ஊரே கோயிலில் இருக்கும். கணக்குப் போட்டேன். முடியாது. வேறு விதமாகவும் போட்டேன். அப்படியும் முடியாது.

பூங்கோதையிடம் சொல்ல வேண்டும். நாளை சொல்கிறேன்.

மே 16, வியாழன்

சொல்வதற்காகச் சீக்கிரமே போனேன். மருதமுத்து ஆறாவது வண்டியின் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். அவர் செட்டு மட்டும் இல்லை, காதர் செட்டும் இருந்தது. சீட்டு வேலை வருவதற்கு நாளிருக்கிறது, அதுவரை சும்மா இருப்பதற்குப் பதிலாகக் கூண்டுக்குக் கைகொடுக்கிறார்களாம். செங்கோடன் ஆட்கள் தகட்டைக் கூண்டு முடியுமுன்பே வெட்டி வைத்திருந்தார்கள். கம்பி அளவு ஒன்றாகிவிட்டதால் முன்கூட்டியே வெட்டலாம்.

"யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லோணும்? நம்ம வண்டிதான" என்றான் காதர் செட்டு ஆள் ஒருவன்.

இது திட்டத்தில் இல்லை. பூங்கோதையிடம் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கண்ணில் தூசி விழுந்துவிட்டது. பட்டறையில் அது சகஜம்.

மே 24, வெள்ளி

ஆறும் முடிந்தன. இன்று ஒப்படைப்பு.

பள்ளித் தாளாளர் சம்பத் வந்தார். போன வருடக் கோபம் முகத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. முதல் வண்டியில் ஏறியவர் ஆறாவதிலிருந்துதான் இறங்கினார். எல்லா ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்தார். "ஒண்ணுகூடச் சிக்கலயே" என்றார்.

மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. காதர் பாய் தன் மகளிடம் இரண்டு வண்டிகளைக் காட்டினார். மற்ற நான்கையும் அவள் கேட்காமலே காட்டினார். ஒவ்வொரு வண்டிக்கும் வேட்டி, துண்டு, பூசணிக்காய். எங்கள் திட்டத்தில் இதற்கு அரை நாள் ஒதுக்கியிருந்தேன். அது போதவில்லை.

ஆறாவதற்குத் தாளாளர் தட்டை நீட்டியபோது மருதமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த வண்டிக்கு மேஸ்திரி நானில்லீங்க. அவரு."

எனக்குப் பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை.

"நான் ஒரு ஆணிகூட அடிக்கலீங்க" என்றேன்.

"அடிச்சிருந்தா வண்டி நின்னிருக்குமா?" என்றார் காதர் பாய்.

தட்டு என் கையில் இருந்தது. பூசணிக்காய் வந்தது. நினைத்ததைவிடக் கனம். போட்டேன். உடையவில்லை. உருண்டு போய் மருதமுத்துவின் கால் பக்கத்தில் நின்றது. பட்டறை முழுக்கச் சிரிப்பு. பூங்கோதை முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மருதமுத்து அதை எடுத்து, துடைத்து, திரும்ப என் கையில் வைத்தார்.

"யோசிக்காமப் போடுங்க, சாரு. எங்கூட்டுக்கு வந்து பேசுனீங்கல்ல, அப்படி."

போட்டேன். ஒரு துண்டு பக்கத்துக் கோச்காரர் கேட் வரை போயிற்று.

ஒரு வழக்கம் பாக்கி இருந்தது. மேஸ்திரி குடும்பம்தான் முதலில் ஏற வேண்டும். எனக்கு யார் என்று நான் தயங்குவதற்குள் பூங்கோதை ஏறி, ஜன்னலோரத்தை எனக்கு விட்டு உட்கார்ந்தாள். "வாங்க மாமா, உங்களுக்குத்தான் ஜன்னல்" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்கான சீட்டு. முழங்கால் இடித்தது. அமராவதிப் பாலத்தில் காற்று நன்றாக இருந்தது. கமலம் இருந்திருந்தால் ஜன்னலைக் கொடுத்திருப்பேன்.

கம்பியைத் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. தரம் பார்ப்பதற்காகத்தான்.

மே 25, சனி

பக்கத்துக் கோச்காரர் காலையில் வந்தாராம். இடம் விஷயம் என்ன முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டாராம். பூங்கோதை சொன்னாளாம்: "நானே கேக்கலாம்னு இருந்தனுங்க. சம்பத் சாரு அடுத்த வருசத்துக்கு எட்டு வண்டி சொல்லியிருக்காரு. எங்களுக்கு எடம் பத்தல. உங்க மேக்காலக் கொட்டாய வாடகைக்குக் குடுப்பீங்களா?"

இதைப் போனில் இரண்டு தடவை சொன்னாள். நான் மூன்றாம் தடவையும் கேட்டேன்.

வலது தோள் வலிக்கிறது.

ஜூன் 3, திங்கள்

பள்ளிகள் திறந்தன. எங்கள் தெரு முனையில் மஞ்சள் வண்டி வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பார்க்க வேண்டுமென்று போகவில்லை, பால் வாங்கத்தான் போனேன். பால் நேற்றே வாங்கியிருந்தேன்.

எட்டு வண்டிக்கான திட்டத்தைத் தொடங்க வேண்டும். முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். பெயர் போட்டிருக்கிறேன்.

பட்டறைக்குக் கிளம்பும்போது பேண்ட்தான் எடுத்தேன். பிறகு அதை மடித்து வைத்துவிட்டுப் புது வேட்டியைக் கட்டினேன். இடுப்பில் நிற்காது என்பதால் மேலே பெல்ட் போட்டு, சட்டையை வெளியே விட்டுக்கொண்டேன். யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். கேட்டில் காதர் பாய் நின்றிருந்தார். மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு அவருக்கே வழக்கமில்லாத விதமாக ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டார்.

"டேய்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மேஸ்திரி வந்தாச்சு."